படத்துக்குக் கீழே இரண்டு வரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? சுண்டெலிக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இல்லை இன்னும் ஓட்டைவாயைக் காட்டித்தான் சிரிக்கிறாளா?

ஒரு சந்தோஷச் செய்தி. இரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதியதற்குத் தலைப்பு வைப்பதும், 'வாசகியர் கேள்வி' பக்கத்துக்கு நானே கேள்வி எழுதி நானே பதில் சொல்வதுமாக இருந்தேன் அல்லவா? மே இதழிலிருந்து பத்திரிகையில் எனக்கென்று இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். 'அதே ஆள், புது அழகு' என்று பெயர். பெயரும் நான் வைத்ததுதான்.

விஷயம் இதுதான். பளபளவென்று நடிகைகள் போடுகிற உடுப்பைப் பார்த்து நம்மைப் போன்றவர்கள் பெருமூச்சு விடத்தான் முடியும். அதனால் வேலைக்குப் போகிற ஒரு சாதாரணப் பெண்ணை அழைத்துக்கொண்டு சாதாரணக் கடைகளுக்குப் போவேன். எந்த நிறம் எடுப்பாக இருக்கும், பெல்ட்டை எங்கே கட்டினால் இடுப்பு தெரியும் என்று பார்த்து வாங்கிக் கொடுப்பேன். மாற்றுவதற்கு முன் ஒரு படம், மாற்றிய பிறகு ஒரு படம். கீழே அந்தப் பெண்ணே சொல்கிற மாதிரி இரண்டு வரி. அவ்வளவுதான்.

முதல் தடவைக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஒப்புக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் வீட்டில் திட்டுகிறார்கள் என்று கழன்றுகொண்டார். எனக்கு உடனே உன் முகம்தான் ஞாபகம் வந்தது. சும்மா கேட்கவில்லை அக்கா. உனக்கும் இது தேவை. சுண்டெலி தன்னிடம்தான் வளர வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் போட்ட வழக்கு ஜூனில் வருகிறது. நீதிபதி முன்னால் அந்தச் சாயம்போன நீலத்தைப் போட்டுக்கொண்டு நின்றாயானால், 'தன்னையே கவனிக்கத் தெரியாதவள் பிள்ளையை எங்கே கவனிக்கப் போகிறாள்' என்றுதான் நினைப்பார்கள். வாங்குகிற உடுப்பெல்லாம் உனக்குத்தான். மாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

குழந்தைக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 15

அடி வாயாடி,

நாங்கள் இருவரும் சௌக்கியம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் குனிந்து நின்றால் அது எங்கே போகும்? பல் பாதி முளைத்திருக்கிறது. தினமும் என் கைக்கண்ணாடியில் அளந்து பார்க்கிறாள். கடையில் ஃபோன் இருக்கிறது, ஆனால் பேசினால் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

உனக்குத் தனிப் பக்கம் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அதற்காக என்னைப் பிடித்துக் கடைத்தெருவில் நிறுத்துவாய் என்று நினைக்கவில்லையடி! என் மூஞ்சியை அச்சில் பார்த்தால் பத்திரிகை விற்குமா? இருக்கிறதும் போய்விடும்.

சுண்டெலிதான் ஒற்றைக்காலில் நிற்கிறாள். "புஸ்தகத்துல வந்தா நீ பெரிய ஆளாம்மா?" என்று கேட்டாள். "ஆமாம், ஒன்னைவிடப் பெரிய ஆள்" என்றேன். "அது இப்பவே அப்படித்தானே?" என்கிறாள். ஏழு வயதுக்குப் பேச்சைப் பார். உன்னைத்தான் உரித்து வைத்திருக்கிறது.

நீ சொன்னதை யோசித்தேன். என்னிடம் கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். அதனால் வருகிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் என்னை இரண்டு நாள் அறையில் வைத்துப் பூட்டியதோ, நீ வண்டி கொண்டுவந்து எங்களைக் கூட்டிப் போனதோ, வழக்கோ, ஒரு எழுத்துக்கூட வரக்கூடாது. இந்த இஸ்திரிக் கடை மாடியில் ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டு, எட்டு மாதமாக ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளைப் பறிகொடுக்கிற மாதிரி எதுவும் என் கையால் நடந்துவிடக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. காப்பியை மட்டுமே குடித்து நாளை ஓட்டாதே.

அக்கா


ஏப்ரல் 12

என் அழகு அக்காவுக்கு,

நலமா? அன்றைக்குப் புதுச் செருப்பு கடித்த இடம் ஆறிவிட்டதா? நான் நலம், தூக்கம்தான் பற்றவில்லை.

படங்கள் வந்துவிட்டன. ஐயோ, நீ பார்க்க வேண்டுமே! அந்த இலைப்பச்சை நீளச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் உனக்கென்றே தைத்த மாதிரி இருக்கின்றன. நான் அந்தப் பெல்ட்டை எடுத்தபோது 'இது எதுக்குடி, கால்சட்டை விழற மாதிரியா இருக்கு' என்று கேட்டாயே, அந்தப் பெல்ட்டுதான் எல்லாம் செய்கிறது. படம் எடுத்தவர் சாமானியத்தில் வாயைத் திறக்க மாட்டார். அவரே "உங்க அக்கா சிரிச்சா அழகா இருக்காங்க, ஏன் சிரிக்கவே மாட்டேங்கறாங்க?" என்று கேட்டார்.

முதல் படத்தில் உன்னைக் கொஞ்சம் பரிதாபமாகக் காட்டியிருக்கிறோம் என்று கோபித்துக்கொள்ளாதே. தலையில் தண்ணீர் தெளித்துத் தோளைத் தொங்கப்போடச் சொன்னது எல்லாருக்கும் செய்வதுதான். இரண்டாவது படம் தூக்கலாகத் தெரிய வேண்டாமா?

இன்னொன்று. என்ன கேட்டாலும் "நல்லா இருக்கு" என்ற ஒன்றையே சொன்னாய். அதை வைத்துக்கொண்டு நான் என்னத்தை அச்சடிப்பது? அதனால் படத்துக்குக் கீழே வருகிற இரண்டு வரியை நானே எழுதிவிட்டேன். எங்கள் பத்திரிகையில் இது புதிதில்லை, யார் வந்தாலும் நாங்கள்தான் எழுதிப் போடுவோம். பேரும் போடவில்லை, 'கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்' என்று மட்டும்தான். நீ சொன்னபடி வழக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

மே முதல் வாரம் கடைக்கு வரும். சுண்டெலியிடம் சொல், அம்மா பெரிய ஆளாகிவிட்டாள் என்று.

மறக்காமல் முதுகுக்கு ஒத்தடம் கொடு.

வாயாடி


மே 3

தங்கைக்கு,

நலம்தான். சுண்டெலிக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது சரியாகிவிட்டது. உனக்கு அங்கே வெயில் எப்படி?

பத்திரிகை வந்தது. முதலாளி இரண்டு பிரதி வாங்கி, ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறார். நேற்று ஒரு அம்மாள் படிக்கிற கண்ணாடி வாங்க வந்துவிட்டு, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இதே பெல்ட் இங்க கிடைக்குமா?" என்று கேட்டார். கண்ணாடிக் கடையில் பெல்ட்! எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. இரண்டாவது படத்தில் இருப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த இரண்டு வரி. நீ எழுதியதுதான் என்றாலும் இங்கே ஒரு தடவை எழுதிக் காட்டுகிறேன். "இத்தனை வருஷம் வீடு, பிள்ளை என்றே கிடந்தேன், போதும்! இனி எனக்காக வாழப்போகிறேன், சனிக்கிழமையானால் என்னைக் கடைத்தெருவில்தான் பார்க்கலாம்!" என்று போட்டிருக்கிறாய். இதை நான் எப்போதடி சொன்னேன்? சனிக்கிழமை நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியாதா? அவளுக்குத் தலைக்கு ஊற்றி, பேன் பார்த்து, வாரத்துக்கான சீருடையைத் துவைத்துப் போடுகிற நாள் அது.

சுண்டெலி எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். முகம் சுருங்கிப் போயிற்று. "அம்மா இப்படியெல்லாம் சொல்லலடி, சித்தி விளையாட்டுக்கு எழுதியிருக்கா" என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் நான் சொல்லாமலே துணியெல்லாம் மடித்து வைத்தாள்.

கோபமில்லை. ஆனால் அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், இது நான் சொன்னதில்லை என்று ஒரு வரி போட முடியுமா? பெரிதாக வேண்டாம்.

ராத்திரி கண் விழிக்காதே.

அக்கா


மே 11

அன்பு அக்கா,

நான் நலம். சுண்டெலிக்கு ஜலதோஷம் விட்டதில் நிம்மதி.

இதற்கெல்லாமா மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வாய்? உன் பக்கத்துக்கு மட்டும் இருநூறு கடிதம் வந்திருக்கிறது! பாதிப் பேர் அந்த வரியைத்தான் எடுத்து எழுதியிருக்கிறார்கள். 'என் மனசில் இருந்ததை அந்தக் கண்ணாடிக் கடைச் சகோதரி சொல்லிவிட்டார்' என்று ஒரு நர்ஸ் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். ஆசிரியரம்மா எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டிக்கொடுத்து, ஜன்னலோர மேசையை எனக்குக் கொடுத்துவிட்டார். அந்த மேசைக்காக இங்கே மூன்று பேர் கண் வைத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில் 'அது பொய்' என்று போய் மறுப்புப் போடச் சொன்னால் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆயுசே ஒரு மாதம்தானே அக்கா? ஜூன் இதழ் வந்ததும் மே இதழைக் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவார்கள். யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

சுண்டெலிக்கு ஒரு மஞ்சள் தொப்பி அனுப்பியிருக்கிறேன். வழக்கன்று அந்தப் பச்சைச் சட்டையையே போட்டுக்கொள். அதில் நீ தைரியமானவளாகத் தெரிகிறாய்.

வேளாவேளைக்கு மாத்திரை போடு.

வாயாடி


ஜூன் 21

தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமா? தொப்பி வந்தது. கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

நேற்றுக் கோர்ட்டுக்குப் போனேன். நீ சொன்னபடி பச்சைச் சட்டை. மூன்றாம் எண் அறை, ஜன்னல் இல்லை, மின்விசிறி கறகறவென்று கத்துகிறது. முதலில் நன்றாகத்தான் போயிற்று. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், கடை முதலாளி கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் நீதிபதி பொறுமையாகப் பார்த்தார். என் வக்கீலம்மாகூட என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அப்புறம் என் வீட்டுக்காரருடைய வக்கீல் எழுந்தார். பையிலிருந்து உன் பத்திரிகையை எடுத்தார்.

"இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"இப்ப போட்டிருக்கற இதே சட்டைதானே?"

"ஆமாங்க."

அப்புறம் கீழே இருந்த வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'போதும்' என்ற இடம் வந்ததும் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். "பிள்ளை போதும்னு அச்சிலயே சொல்லிட்டாங்க ஐயா. சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அன்னைக்கு இந்த அம்மா கடைத்தெருவுல. குழந்தை எங்கே?" என்று கேட்டார். "நான் சொல்லலைங்க, என் தங்கச்சி எழுதினது, அவ அந்தப் பத்திரிகையில வேலை பாக்கறா" என்றேன். அவர் சிரித்தார். "அப்படின்னா தங்கச்சி வந்து சொல்லட்டுமே" என்றார். பின்வரிசையில் என் மாமியார் தன் மகன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

நீதிபதி நல்ல மனுஷர். "அவங்க வந்து சொன்னா கேட்டுக்கறேன், இல்லேன்னா பத்திரிகையோட கடிதம் கொண்டு வாங்க" என்று ஜூலை 29க்கு ஒத்தி வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் நம் பக்கம்தான், இது ஒன்றுதான் இடிக்கிறது என்கிறார் வக்கீலம்மா. நீ வந்து, அந்த வரி நான் எழுதினது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுண்டெலி என்னோடு இருப்பாள்.

29ஆம் தேதி, காலை பத்து மணி, மூன்றாம் எண் அறை. முந்தின நாளே வந்துவிடு. கட்டிலில் நீயும் அவளும் படுத்துக்கொள்ளுங்கள்.

உடனே பதில் போடு. உடம்பைக் கவனி.

அக்கா


ஜூலை 6

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ நலமா? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே மழைக்கால இதழ் வேலை. நனைந்தால் ஒட்டாத துணி, தோளில் மாட்டுகிற பெரிய பை, மங்கலான நாளுக்கு ஏற்ற ஆரஞ்சு நிறம் என்று ஆறு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். மூச்சுவிட நேரமில்லை. இந்தத் தடவை ஒரு பஸ் கண்டக்டர் அம்மாவை மாற்றியிருக்கிறோம். பிரமாதமாக வந்திருக்கிறது.

நீ எழுதியது பற்றி ஆசிரியரம்மாவிடம் பேசினேன். யோசிக்க வேண்டிய விஷயம் என்கிறார். நாங்களே எழுதிப் போடுகிறோம் என்று கோர்ட்டில் போய்ச் சொன்னால் மறுநாளே ஊர் சிரிக்கும், விளம்பரம் கொடுக்கிற கடைக்காரர்கள் விலகிவிடுவார்கள், இங்கே இருக்கிற பதினெட்டுப் பேர் கதி என்ன என்று கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீயே அந்த வரியை விளையாட்டாகச் சொன்னதாகச் சொல்லிவிட்டால் என்ன? 'படம் எடுக்கிற சந்தோஷத்தில் வாய் தவறி வந்துவிட்டது' என்றால் யார் தப்பாக நினைக்கப் போகிறார்கள்? பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்படிப் பேசுவது வழக்கம்தானே. உன் வக்கீலம்மாவைக் கேட்டுப் பார்.

29ஆம் தேதி லீவு கேட்டுப் பார்க்கிறேன்.

சுண்டெலியை மழையில் நனைய விடாதே.

உன் தங்கை


ஜூலை 30

தங்கைக்கு,

சுண்டெலி நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரியவில்லை.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பெற்ற பிள்ளையைப் போதும் என்று சொன்னதாக நானே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது? ஆனாலும் நீ வருவாய் என்றுதான் இருந்தேன். எங்களுக்காக வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவள்தானே நீ என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாள் தலையணை உறைகூட மாற்றிவைத்தேன்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். தங்கை வந்துகொண்டிருக்கிறாள், வண்டி தாமதம் என்று என் வக்கீலம்மா கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினார். கதவு திறக்கும்போதெல்லாம் நான் திரும்பினேன். கழுத்து வலி எடுத்துவிட்டது.

பதினொரு மணிக்கு அவருடைய வக்கீல், "இனிமே காத்திருக்க வேண்டியதில்லை ஐயா" என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவர்கள் உன் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வந்த பதில் அது. "எங்கள் பத்திரிகையில் வாசகியர் சொன்ன சொற்களை மட்டுமே வெளியிடுகிறோம். மேற்படி வரிகள் அவர் நேரில் சொன்னவை" என்று இருந்தது. கீழே கையெழுத்து.

நீதிபதி என்னிடம் நீட்டி, "இது உங்க தங்கச்சி கையெழுத்துதானே?" என்று கேட்டார். உனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆமாம் என்றேன். தேதி ஜூலை 3 என்று போட்டிருந்தது. எனக்கு நீ கடிதம் எழுதியது 6ஆம் தேதி. மூன்று நாள் முன்னாலேயே கழுத்தை அறுத்துவிட்டு, மழையில் நனைய விடாதே என்று எழுதியிருக்கிறாய், அடிப்பாவி.

பிள்ளையை அவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நான் போய்ப் பார்க்கலாமாம். சாட்சிக் கூண்டிலும் பொய் சொல்கிறவள் என்று என்னைப் பற்றித் தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறார்கள். இன்று பையை எடுத்துவைத்தேன். "எத்தனை உடுப்பும்மா வைக்கணும்?" என்று கேட்டாள். எத்தனை என்று சொன்னால் எத்தனை நாளைக்கு என்று கண்டுபிடித்துவிடுவாள். "எல்லாத்தையும் வை" என்றேன். ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை மூன்றாம் தேதி ஆசிரியரம்மா அந்தக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போடு. இல்லேன்னா அந்த ரெண்டு பக்கத்தை வேற யாருக்காவது குடுத்துடறேன்" என்றார். நான் மறுத்துப் பேசினேன். ரொம்ப நேரம் பேசினேன் என்று எழுத ஆசை, ஆனால் பேசவில்லை. ஒரு தடவைதான் "அக்கா வழக்கும்மா" என்றேன். "உங்க அக்கா வழக்கு முடிஞ்சிடும், உன் பேரு போனா வராது" என்றார். போட்டுவிட்டேன். ஒரு பெண்கள் பத்திரிகையைப் பார்த்தா நீதிபதி தீர்ப்பு எழுதப் போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி, சொல்லவில்லை.

29ஆம் தேதி லீவும் கேட்கவில்லை. அன்று முழுக்கப் பெல்ட் படங்களுக்குக் கீழே விலை எழுதிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிட்டேன். போன திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தேன். இதை உன்னிடம் பெருமைக்குச் சொல்லவில்லை. இனி என் வாயைக் கட்ட யாருமில்லை என்று சொல்கிறேன். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் அக்கா, நான் எழுதினேன், நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று. ஜெயிலுக்குப் போ என்றாலும் போகிறேன். ஒரு வரி எழுது.

உன் தங்கை


அக்டோபர் 3

தங்கைக்கு,

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். நவம்பர் 18, காலை பத்து மணி, அதே அறை. வா.

இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள், மாமியார் எதிரிலேயே இருப்பார். முதல் தடவை மடியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்தாள். "தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டாள். என்னை அவள் நீங்க என்று கூப்பிட்டதே இல்லை. தலை சீராக வாரியிருந்தது, நகம் வெட்டியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்மேல் எனக்கு என்ன இருக்கிறது என்று இப்போது கேட்காதே. வந்து சொல்ல வேண்டியதைச் சொல். அது போதும்.

அக்கா


நவம்பர் 20

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ பத்திரமாக வீடு போனாயா? அன்றைக்குக் கோர்ட்டுப் படியில் இறங்கும்போது உன்னைப் பிடித்துக்கொள்ள வந்தேன், நீ கையை உதறிவிட்டுப் போய்விட்டாய். அது சரிதான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கள் பத்திரிகையில் படத்துக்குக் கீழே வருவதெல்லாம் நாங்கள் எழுதுவது, நீ சொன்னதாக வந்ததும் பஸ் கண்டக்டர் சொன்னதாக வந்ததும் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது என்றுகூடச் சொன்னேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது பொய் என்றும் சொன்னேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்ததை என்னால் மறக்கவே முடியாது. "ஜூலையில எழுதிக் கொடுத்தப்போ வேலையைக் காப்பாத்திக்கப் பொய் சொன்னேங்கறீங்க. இப்போ அக்காவைக் காப்பாத்த வந்திருக்கீங்க. அப்ப சொன்னது பொய், இப்ப சொல்றது நிஜம்னு நான் எதை வெச்சும்மா நம்பறது?" என்று கேட்டார். வாசகிகளுக்காக ஆயிரம் வரி எழுதினவளுக்கு எனக்காகச் சொல்ல ஒரு வரி வரவில்லை. "சத்தியமாங்க" என்றேன். அந்த வக்கீல் சிரித்தார்.

மனு தள்ளுபடி என்று சொன்னபோது நீ அழவில்லை. நான்தான் அழுதேன், வெட்கங்கெட்டவள்.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வரட்டுமா? சுண்டெலியிடம் நானே சொல்கிறேன். அம்மா சொல்லவில்லை, சித்திதான் எழுதினேன், தப்பெல்லாம் என்னுடையது என்று அவள் காதில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். கூடத்தின் மூலையில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

உன் தங்கை


நவம்பர் 27

தங்கைக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். காய்ச்சல் ஒரு நாள் இருந்தது, மறுநாளே கடைக்குப் போய்விட்டேன்.

நீ உண்மையைத்தான் சொன்னாய். என் காதால் கேட்டேன். ஜூலையில் சொல்லியிருந்தால் அவள் இப்போது இந்த மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். ஆனாலும் சொன்னாய், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ கேட்டதை மூன்று நாள் யோசித்தேன். நீ சொன்னால் அவள் நம்புவாள். சித்தி என்றால் அவளுக்கு உயிர், நம்பத்தான் செய்வாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அப்புறம் அவள் அழுவாள், நீ அழுவாய், அவள் உன்னைச் சமாதானப்படுத்துவாள். மாமியார் கடிகாரத்தைப் பார்ப்பார். கால்மணி நேரம், அரைமணி நேரம் போய்விடும். எனக்கு மாதத்தில் கொடுத்திருப்பதே இரண்டு மணி நேரம். அதில் உன் மனசு ஆறுவதற்கென்று எடுத்துக்கொடுக்க என்னிடம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

நீ வர வேண்டாம்.

அக்கா